மணியக்காவும் அரங்கக் கடிகாரமும்

எங்கள் நிலையத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம். மேலே அறிவாளிகள், கீழே அரங்கு. அரங்கில் நான். நாற்காலி போடுவது, அதையே எடுத்து அடுக்குவது, மைக்குக்கு வயர் இழுப்பது, மேடையில் தண்ணீர் வைப்பது, கூட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது. பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. வருத்தம் வேறு ஒன்றில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மணியக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மணியக்கா என்பது அவருடைய பெயர் இல்லை. மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒரு பித்தளை மணி. பேசுகிறவருக்குக் கொடுத்த நேரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் ஒரு அடி. நேரம் முடிந்தால் இரண்டு அடி. அதற்குமேலும் பேசினால், நிறுத்தும் வரை அடி. அப்படி வந்த பெயர். என்னைவிட ஏழு வயது சின்னவர். என்னை 'அண்ணே' என்பார். நான் 'ஏம்மா' என்பேன். ஆனால் அவர் இல்லாத இடத்தில் எனக்கும் அவர் மணியக்காதான்.

ஒருமுறை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மூன்றாவது மணிக்கும் அசையவில்லை. நான்காவது மணி அடித்ததும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "என்னம்மா, சாப்பாட்டு மணியா?" என்று கேட்டார்.

"ஆமா சார். உங்களைத் தவிர எல்லாருக்கும்" என்றார் மணியக்கா.

அரங்கு சிரித்து அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடத்தையும் அடுத்துப் பேசுகிறவர் கணக்கில் அவர் கழிக்கவில்லை. அது அவருடைய நியாயம்.

பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குத் தட்டச்சு செய்ய வந்தவர். போனவள் திரும்பி வரவில்லை, வந்தவர் போகவில்லை. பதினாலு வருடம் ஆகியும் நிரந்தரம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். தட்டச்சில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிலையத்தின் கூட்டங்கள் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. யாருக்கு எந்த ரயிலில் இடம், யார் சர்க்கரை போடாமல் டீ குடிப்பார், எந்த இரண்டு பேராசிரியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் சண்டை வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மேசைமேல் வைக்கிற பெயர் அட்டைகளை அவரே மடித்து, தடித்த பேனாவால் அவரே எழுதுவார். அச்சடித்துக்கொள்ளலாமே என்றால், "கடைசி நிமிஷத்துல ஒருத்தர் வராம இன்னொருத்தர் வருவார்ணே. அப்ப அவர் அட்டை மட்டும் கையெழுத்துல இருந்தா அவருக்கு ஒரு மாதிரி இருக்காதா?" என்பார். அவர் பையில் ஊசி, ஒட்டு நாடா, தலைவலி மாத்திரை, மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற குட்டித் திருகாணிகூட இருக்கும்.

வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். "எங்க வீட்ல மூணு பேரும் சேர்ந்து சாப்பிடணும்னா அதுக்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் போடணும்ணே" என்று சிரிப்பார்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன்.

அரங்கக் கதவுக்கு மேலே, மேடைக்கு நேர் எதிரே ஒரு வட்டக் கடிகாரம். அரங்குக்குள் அது காட்டுவதுதான் நேரம். இது மணியக்கா போட்ட சட்டம். ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம், ஆளுக்கு ஒரு நேரம் என்று சண்டை வந்துகொண்டே இருந்தது. போதாததற்கு, செல்போன் பக்கத்தில் இருந்தால் எங்கள் பழைய மைக் கர்ரென்று இரையும். அதனால் வாசலில் மரப்பெட்டி ஒன்று வைத்தார். எல்லாரும் போனை அணைத்து அதில் போட வேண்டும். முதல் ஆளாக அவர் போனைப் போடுவார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மூன்று நாள் மாநாடு. முதல் நாள் காலைக் கூட்டம் பன்னிரண்டரைக்கு முடிய வேண்டியது, ஒன்றேகாலுக்கு முடிந்தது. சாப்பாடு கொண்டுவந்தவன் என்னைப் பிடித்துக் கத்தினான். எல்லாரும் சாப்பிட்டு வருவதற்குள் வரிசை நாற்காலிகளை எல்லாம் வட்டமாக மாற்ற வேண்டும். முட்டி இரண்டும் கழன்றுபோயின. மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், நாற்காலிமேல் ஏறிக் கடிகாரத்தின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினேன். எட்டு நிமிடம் முன்னால். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பழையபடி வைத்துவிட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் கச்சிதமாக முடிந்தது. மறுநாளும் வைத்தேன். அதற்குப்பிறகு நிகழ்ச்சிப் பலகையில் எந்தக் கூட்டம் எழுதியிருந்தாலும் காலையில் எட்டு நிமிடம் கூட்டுவேன், சாயங்காலம் குறைப்பேன். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. ஒரு பேராசிரியர் அரங்கக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டுக்காரர் பெருக்குவது மாதிரி ஒரு குஷி எனக்கு.

நேரத்துக்கு முடிகிற அரங்கு என்று எங்களுக்குப் பெயர் வந்தது. பாராட்டுத்தாள் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இல்லை, மணியக்காவுக்கு. அவர் அதை அலுவலகத்தில் மாட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சிக்கு ஒரு பெயர் வாங்கிக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வு அந்த அரங்கில் வைத்தார்கள். இரண்டு இடம், பதினாறு பேர். காலை ஒன்பதுக்குள் அரங்கில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அரங்கக் கடிகாரப்படி ஒன்பது ஆனால் கதவு சாத்தப்படும். அழைப்புக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. தட்டச்சு செய்தது மணியக்கா. நிகழ்ச்சிப் பலகையில் 'அரங்கு, 9 மணி' என்று பார்த்தேன். கை அதுபாட்டுக்குத் திருப்பிவிட்டது. அது பேச்சுக் கூட்டம் இல்லை, வேறு சங்கதி என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கதவு சாத்திய பிறகு ஒரு பெண் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நேர்முகத்துக்கு வந்திருக்கேன்."

மணியக்கா உள்ளே அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஒன்பது நாலும்மா. கதவு சாத்தியாச்சு."

"இல்லக்கா, என் போன்ல எட்டு அம்பத்தாறுதான். பாருங்க!"

"போனைக் காட்டி ஆயிரம் பேர் பேசியிருக்காங்கம்மா. லெட்டர்ல படிச்சீங்கல்ல? சுவர்க் கடிகாரம்தான் இங்க."

"அக்கா, அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி. ப்ளீஸ்க்கா."

மணியக்காவின் முகம் மாறியது. ஆனால் கதவைத் திறக்கவில்லை. "உங்களுக்குத் திறந்தா, நாளைக்கு இன்னொருத்தருக்குத் திறக்கணும். என்னைக் கஷ்டப்படுத்தாதீங்கம்மா" என்றார். தாமதப் பதிவேட்டை எடுத்து, 9.04 என்று அழகாக எழுதினார்.

தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நான்கு அடி தள்ளி நின்றேன். எட்டு அம்பத்தாறு என்று காதில் விழுந்ததுமே அது என் எட்டு நிமிடம் என்று புரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. "ஏம்மா, கடிகாரம் கொஞ்சம் முன்னால ஓடுது" என்றால் போதும். சொல்லவில்லை. பெட்டியோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணின் செருப்பு மட்டும் தெரிந்தது. அது திரும்பிப் போனது.

நேராக மாடி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். மேலே சத்தம் கேட்கிறது என்று டீ கொண்டுவந்தவன் சொன்னான். டீ இடைவேளையில் எல்லாரும் தாழ்வாரத்துக்குப் போனதும், நாற்காலி போட்டு ஏறி எட்டு நிமிடத்தையும் குறைத்து வைத்தேன். திருடன்கூட இவ்வளவு வேகமாக வேலை முடித்திருக்கமாட்டான்.

பதினொன்றரைக்கு அலுவலகக் கண்காணிப்பாளர் இறங்கி வந்தார். வெளிவாசல் காவலரின் பதிவேடு அவர் கையில். அதில் அந்தப் பெண் உள்ளே வந்த நேரம் எட்டு ஐம்பத்து மூன்று. வாசலிலிருந்து அரங்குக்கு மூன்று நிமிட நடை.

"நீங்க எழுதுனது ஒன்பது நாலு. எப்படிம்மா?"

"கடிகாரம் அப்படித்தான் சார் காட்டுச்சு."

அவர் தன் போனைக் கடிகாரத்துக்கு நேரே பிடித்தார். ஒரு நிமிடம்கூட மாறவில்லை. மணியக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்கதானே பேட்டரி மாத்துவீங்க? நீங்க சொல்லுங்களேன். ஏதாவது கோளாறு இருக்கா?"

கண்காணிப்பாளரும் என்னைப் பார்த்தார்.

"கடிகாரம் சரியாத்தான் சார் ஓடுது" என்றேன்.

அந்த நேரத்தில் அது உண்மை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

அன்று தேர்வான இரண்டு பேரில் ஒருத்தி மணியக்காவின் பக்கத்து வீட்டுப் பெண். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்ததே மணியக்காதான். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. போதாதா? "கதவைச் சாத்தி தன் ஆளுக்கு இடம் புடிச்சுக் குடுத்திருக்கா பாரு" என்று மாடிப்படியில் பேசினார்கள். "அதான் பதினாலு வருஷமா ஒப்பந்தம். எத்தனை கதவு சாத்தினாளோ" என்று இன்னொருத்தன். நான் படியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தால் அவன் வாயில் ஒன்று போட்டிருக்கலாம். போடும் யோக்கியதை எனக்கு ஏது?

மணியக்காவை அரங்கிலிருந்து எடுத்துப் பழைய கோப்பு அறையில் போட்டார்கள். ஒப்பந்தம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. இந்த முறை புதுப்பிக்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினொரு நாளை ஓட்டினேன். என் மனைவி ஒருநாள், "என்னய்யா, சோத்துல கல்லு கிடக்குற மாதிரி மென்னுக்கிட்டிருக்க?" என்றாள். சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தம்மா நம்ம பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தி வரிசை போட்டுக் குடுத்துச்சே, அப்ப ஒரு பொட்டலம் பூவாவது வாங்கிக் குடுத்தமா?" கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அரங்கில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லாத அரங்கில், கதவைப் பார்த்து ஒரு நாற்காலி. அதில் மணியக்கா. மடியில் நோட்டு, கையில் வீட்டுக்காரரின் கைக்கடிகாரம். முகத்தில் புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி.

"என்னம்மா பண்ற?"

"நாலு நாளா சாப்பாட்டு நேரத்துல வந்து பார்க்கிறேன்ணே. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதறேன். ஒரு தடவைகூட தப்பல." நோட்டைக் காட்டினார். வரிசை வரிசையாக எண்கள். "கடிகாரத்து மேல தப்பில்லண்ணே. என் கண்ணுதான். டாக்டர் லேசா குறை இருக்குன்னார். முள்ளை மாத்திப் பார்த்திருக்கேன் போல."

"கண்ணுல என்னம்மா..."

"அந்தப் பொண்ணை நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. கண்ணு தெரியாத கழுதை, ஒரு புள்ளையோட வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டேனே. என் பொண்ணு என்கிட்டவே கேக்குறா, 'அம்மா, நீ ஒருதடவை கதவைத் திறந்திருந்தா என்ன?'ன்னு."

வேலை போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் மேடைப் படியில் உட்கார்ந்தேன். சொன்னேன். ஆறு வருடத்துக்கு முந்தைய மாநாட்டிலிருந்து டீ இடைவேளை வரை, ஒன்றையும் விடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நிமிஷம்?"

"எட்டு."

"ஆறு வருஷமா?"

"ஆமாம்மா."

"எனக்குப் பாராட்டுத்தாள் சட்டம் போட்டுக் குடுத்தாங்களே, அது?"

நான் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"மனுஷங்க என் மணிக்கு மரியாதை குடுக்குறாங்கன்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"மேல?"

"இல்லம்மா. உன்கிட்டதான் முதல்ல..."

"எங்கிட்ட சொல்லி நான் என்ன செய்ய? 'பரவால்ல'ன்னு சொல்லணுமா?" நோட்டை மூடினார். "போய் எழுதிக் குடுங்க."

அதில் 'அண்ணே' இல்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கண்காணிப்பாளர் இரண்டு தரம் படித்தார்.

"யோவ், அன்னைக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டேனே, சரியா ஓடுதுன்னு சொன்ன?"

"ஓடுனது சரிதான் சார். நான்தான் தள்ளி வச்சேன்."

"இதைக் கொண்டு வந்து இப்ப குடுக்குற. முடிஞ்சு போன விஷயம்யா. அந்தம்மாவுக்கு இன்னும் பத்து நாள்தான். பேசாம இருந்தா உன் வேலையாவது மிஞ்சும்." நல்ல மனிதர்தான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

நான் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினேன். "முத்திரை போடுங்க சார். வாங்கிக்கிட்டதா ஒரு நகலும் குடுங்க."

இப்படிக் கேட்கவேண்டும் என்பது மணியக்கா பத்து வருடத்துக்கு முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எந்தத் தாள் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் வராதீங்கண்ணே என்பார்.

என்னை அரங்கிலிருந்து எடுத்து, பின்பக்கம் ஆராய்ச்சிக்கான மண் மூட்டைகள் வந்து இறங்குகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான். மணியக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், முடிய இரண்டு நாள் இருக்கும்போது. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. 'முந்தைய பணிக்கே திரும்பலாம்' என்று ஒரு வரிக் கடிதம். மாடிப்படியில் பேசினவர்கள் படியிலேயே, "நமக்கு அப்பவே தெரியும், மணியக்கா அப்படிச் செய்யமாட்டாங்க" என்றார்கள். அந்தப் பெண்ணுக்குத் தனியாக நேர்முகம் வைக்கவும் உத்தரவு வந்தது. கடிதத்தைத் தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் மணியக்காவே அனுப்பினார். போனிலும் கூப்பிட்டிருக்கிறார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

அந்தத் தனி நேர்முகத்தன்று காலை மூட்டைத் தள்ளுவண்டியோடு நான் அரங்கு வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே தேர்வுக் குழு மூன்று பேர். எதிரே ஒரே ஒரு நாற்காலி, அதன் முன்னால் கையால் எழுதிய பெயர் அட்டை. கதவு விரியத் திறந்திருந்தது. மணியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது பத்து.

"போதும்மா, சாத்திரலாமா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் சார்."

பதினாலு வருடத்தில் யாருக்காகவும் அவர் அப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஒன்பது இருபதுக்கு மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அஞ்சு நிமிஷம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டியை விட்டுட்டு கேட்டுக்குப் போய்ப் பாருங்க. வழி தெரியாம நிக்குதோ என்னமோ."

ஓடினேன். முட்டி வலியெல்லாம் தெரியவில்லை. வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பஸ் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியிடமும், "நேர்முகத்துக்கா வந்தீங்கம்மா? மண் நிலையத்துக்கு?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஒருத்தி பயந்து ஒதுங்கிப் போனாள். "என்னய்யா, காலங்காத்தால பொம்பளைப் புள்ளைங்களை மறிச்சுக்கிட்டு?" என்றார் காவலர். நடந்ததை அவருக்கும் சொன்னேன். அவர் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

குழுவில் வந்தவர்களின் கார் பத்தே காலுக்கு வெளியே போனது. அடுத்த பஸ்ஸிலும் கேட்டேன். அதற்கடுத்ததிலும் கேட்டேன். பதினொன்றரைக்கு மண் லாரி உள்ளே நுழைந்து, ஓட்டுநர் ஹார்ன் அடித்து, இறக்க ஆள் இல்லையா என்று சத்தம் போட்டார். மூட்டை இறக்கப் போனேன்.